விசில் ஊதித் தொடங்கிய நாடகம்

உயிரே போனாலும் இனி நாடகம் நடக்கிற பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று மோகனராஜ் சபதம் எடுத்து, அந்தச் சபதத்துக்கே நரை விழுந்துவிட்டது.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் தனியார் பஸ்களுக்கு டைம்கீப்பர். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்பது அவர் வாயில் இருக்கும் விசிலுக்குத்தான் தெரியும். அவர் ஊதினால் பஸ் போகும். ஊதாவிட்டால் டிரைவர் தலைகீழாக நின்றாலும் சில்லு உருளாது. கொஞ்சம் பிந்தி வந்தவருக்கு ஒரு பார்வை. இன்னும் பிந்தி வந்தவருக்கு ஒரு வார்த்தை. அதற்கும் மேல் பிந்தி வர இதுவரை யாருக்கும் தைரியம் வந்ததில்லை. அவர் சிரித்து எவரும் பார்த்தது கிடையாது. மீசைக்குப் பின்னால் பல் இருக்கிறதா என்பதே கண்டக்டர்மாருக்குள் ஒரு விவாதம்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் ஒரு ரகசியம் இருந்தது. கதை என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் அழுதுவிடுவார்.

நிஜத்தில் எதற்கும் அசைய மாட்டார். மாமனாரின் சாவு வீட்டில்கூட, ஆட்கள் உட்காரக் கதிரை போதுமா என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் டிவியில் யாராவது ஒரு பிள்ளையைப் பிரிந்தால் போதும், கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வாசலுக்கு ஓடிவிடுவார். ஒரே மகள் நர்சரியில் படித்த காலத்தில், ஆண்டு விழாவில், காட்டில் தாயைத் தொலைத்த முயல்குட்டியின் கதையைப் போட்டார்கள். மோகனராஜ் வாய்விட்டு விம்மினார். மேடையிலிருந்த முயல் கீழே பார்த்தது. மீசை வைத்த ஒருவர் அழுவதைக் கண்டு அதுவும் வீரிட்டது. முயல் அழ, நரி அழ, நின்றுகொண்டிருந்த மரமும் அழ, டீச்சர் ஓடிவந்து திரையை இழுத்தார்.

"பீனிசம்," என்று மனைவி தனுஜாவிடம் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார். அன்று எடுத்ததுதான் சபதம். மகள் வளர்ந்து கொழும்பில் வேலைக்கும் போய்விட்டாள். சபதம் மட்டும் வீட்டிலேயே இருந்தது.

இந்த ஏப்ரலில் அதற்கு ஆபத்து வந்தது.

ஏப்ரல் வந்தால் கண்டிக்குப் பைத்தியம் பிடித்துவிடும். பேராதனையில் மலர்க் கண்காட்சி, வாவிக்கரையில் பாட்டுக் கச்சேரி, மண்டபத்துக்கு மண்டபம் நாடகம், நடனம். சனம் வீட்டில் சமைப்பதையே மறந்துவிடும்.

"என்னாங்க, சனிக்கிழமை நாடகத்துக்குப் போறோம்," என்றாள் தனுஜா.

"யாரு?"

"நானு, பக்கத்து வீட்டு றம்ஸியா, நீங்க."

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் வீட்டப் பாத்துக்கிறேன்."

"வீட்ட யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க."

"எனக்கு டியூட்டி இருக்கு."

"இல்ல. அழகையாண்ணன் சொன்னாரு, அன்னைக்கு சாயந்தரம் உங்க டியூட்டிய மாத்தியாச்சாம். அவரு மக நிலூஷாதானே நடிக்குது! பஸ்காரங்க எல்லாரும் குடும்பத்தோட வாறாங்களாம்."

அழகையா கலஹா ரூட்டில் ஓடும் மூத்த டிரைவர். அவர் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை. முதல் முதலாக மேடை ஏறுகிறாள். போகாவிட்டால் மரியாதை இல்லை. போனால் மரியாதையே இல்லை. ஊரிலுள்ள அத்தனை டிரைவரும் கண்டக்டரும் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் இவர் விம்மினால் மறுநாள் அந்த விசிலுக்கு எவன் பயப்படுவான்?

"என்ன நாடகம்?" என்று குரல் இறங்கிக் கேட்டார்.

"போனவர் வரவில்லை."

தலைப்பிலேயே ஒரு சாவு தெரிந்தது. மோகனராஜுக்கு இப்போதே மூக்கு அரித்தது.

"போனவரு எங்க போனாரு?"

"பாத்தாத்தானே தெரியும்."

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து றம்ஸியாவின் தலை எழும்பியது. "குடும்பக் கதையாம் அண்ணன். நல்லா ஈக்கிதாம். போன வருஷம் வேற ஆளுங்க போட்டப்ப பாத்தவங்க எல்லாம் கண்ணத் தொடச்சிக்கிட்டுத்தான் வெளிய வந்தாங்களாம்."

மோகனராஜ் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

இரவெல்லாம் புரண்டவருக்கு விடியற்காலையில் ஒரு யோசனை உதித்தது. நாடகம் தொடங்கியதும் கதவைச் சாத்திவிடுவார்களாம், அதன்பிறகு மந்திரி வந்தாலும் உள்ளே விடமாட்டார்களாம் என்று அழகையாவே பெருமையாகச் சொல்லியிருந்தார். அப்படியானால் காரியம் சுலபம். பிந்திப் போனால் போதும். போகவில்லை என்றும் இருக்காது, பார்த்தோம் என்றும் இருக்காது. வாழ்நாளெல்லாம் மற்றவர்களைப் பிந்த விடாமல் பார்த்துக்கொண்ட மனிதர், முதல் தடவையாகத் தான் பிந்துவதற்கு நேரம் குறித்தார்.

"தனுஜா, நாடகத்துக்கு மட்டுமா போறது? மொதல்ல பேராதனைக்குப் போய் பூவெல்லாம் பாப்போம். அப்பிடியே வாவிக்கரையில பாட்டு. பிறகு நாடகம்."

தனுஜா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்காமல் தெருமுனைக்குக்கூடக் கூட்டிப்போகாத மனிதர்.

"காய்ச்சல் அடிக்குதா?"

"ஆசைம்மா."

"சரிங்க," என்றாள் தனுஜா.

அவள் இவ்வளவு லேசாகச் "சரிங்க" சொன்ன போதெல்லாம் அவருக்கு ஏதாவது நடந்திருக்கிறது. சந்தோஷத்தில் அதை மறந்துவிட்டார்.

சனிக்கிழமை பேராதனையில் மோகனராஜ் ஒரு பூவையும் விடவில்லை. ஓர்க்கிட் பூக்களுக்கு முன்னால் வைத்திருந்த பெயர்ப் பலகைகளை எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டு, சரியாக வாசித்தோமா என்று திரும்பிப்போய் வாசித்தார். தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரரைப் பிடித்து, இந்தச் செடிக்கு என்ன உரம், அந்தச் செடிக்கு எவ்வளவு வெயில் என்று குடைந்தார். அந்த மனிதர் குழாயை அப்படியே போட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்.

"அண்ணனுக்கு இவ்வளவு பூ ஆசையா?" என்று றம்ஸியா வாய் பிளந்தாள்.

"எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்," என்றாள் தனுஜா. "நிதானமாப் பாருங்க. ஒரு அவசரமும் இல்ல." சொல்லிவிட்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தாள்.

"யாருக்கு?"

"மகளுக்குங்க. நீங்க அந்தச் செவப்புப் பூவ இன்னும் பாக்கல்ல."

டவுனுக்குப் போக மூன்று பஸ் வந்தது. ஒன்றின் டிரைவர் அவசரக்காரன் என்று விட்டார். அடுத்ததில் பிரேக் சத்தம் சரியில்லை என்று விட்டார். மூன்றாவதில் குறை எதுவும் தெரியாமல், நிறம் பிடிக்கவில்லை என்றார். தனுஜா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வாவிக்கரையில் பாட்டுக் கோஷ்டி மேளத்தைக் கட்டி வைக்கப் போனபோது, "இன்னொரு பாட்டு!" என்று கத்தியவர் மோகனராஜ்தான். போதாததற்கு மழையும் வந்து ஒரு கடைக்குள் நிற்க வைத்தது. அந்த மழையை அவர் மனதாரக் கும்பிட்டார். அங்கேயே ஆளுக்கு ரெண்டு ரோல்ஸும் டீயும் வாங்கிக் கொடுத்தார். றம்ஸியா மணிக்கூட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். தனுஜா நிதானமாக ரோல்ஸை மென்றாள்.

மண்டபத்துப் படியில் கால் வைத்ததும், வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த முகத்தை மோகனராஜ் எடுத்து மாட்டினார்.

"அடடா! பிந்திட்டோமே தனுஜா. பாதி நாடகம் முடிஞ்சிருக்கும். கதவையும் சாத்தி..."

கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே விளக்கெல்லாம் எரிந்தது. சனம் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வாசலில் கோட்டுப் போட்ட அழகையா நின்றார்.

"அண்ணன் வந்திட்டாரு!" என்று அவர் உள்ளே பார்த்துக் கத்தினார். இருந்த டிரைவர், கண்டக்டர் அத்தனை பேரும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றார்கள்.

"இன்னும் தொடங்கல்லியா?" என்று கேட்டார் மோகனராஜ்.

"எப்பிடித் தொடங்கிறது? அண்ணி கோல் எடுத்துச் சொன்னாங்க, நீங்க பூ பாத்துக்கிட்டு இருக்கீங்க, பிந்தும்னு. நம்ம ஆளுங்கதானே முக்காவாசி, வடையும் டீயும் குடுத்து இருக்க வச்சிட்டேன்."

"இல்ல... மந்திரி வந்தாலும்..."

"மந்திரிக்குக் காத்திருக்க மாட்டோம்ண்ணே. விசில் இல்லாம பஸ்ஸையே எடுக்க மாட்டோம், என் மக நாடகத்த எடுப்பேனா? ஊதுங்கண்ணே!"

மோகனராஜ் தனுஜாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வேறு வழியில்லை. சட்டைப் பையிலிருந்த விசிலை எடுத்து ஊதினார். விளக்குகள் அணைந்தன. திரை விலகியது. தன் கழுத்துக்குத் தானே ஊதிக்கொண்ட விசில் அது என்று அவருக்குப் பட்டது.

முன்வரிசையில் நடுக் கதிரை. இந்தப் பக்கம் தனுஜா, அவளுக்கு அப்பால் றம்ஸியா. அந்தப் பக்கம் அழகையா. பின்னால் பஸ் உலகமே இருந்தது.

கதை இதுதான். மனைவி புருஷனைத் தேங்காய் வாங்க அனுப்புகிறாள். கொண்டுவந்தால் சின்னது என்கிறாள். திரும்பப் போகிறான். அடுத்தது முற்றல். திரும்பப் போகிறான். அடுத்ததில் தண்ணீர் ஆடுகிறதாம். நிலூஷாதான் மனைவி. இடுப்பில் கை வைத்து, தேங்காயைக் காதோடு வைத்து ஆட்டி அவள் முகத்தைச் சுளித்தபோது மண்டபம் இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. சிரிப்பு நாடகம்!

மோகனராஜுக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. சிரிப்பு நாடகத்துக்கு யார் அழுவார்கள்? தப்பித்தோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் அந்தப் புருஷன் ஒவ்வொரு தடவையும் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் மறுபடியும் கிளம்பியபோது அவர் தோள் மெல்லக் குலுங்கத் தொடங்கியது. பாவம், மனிதர் தேடாத கடையா? கடைசியில் மழையில் நனைந்து, குறையே சொல்ல முடியாத ஒரு தேங்காயோடு அவன் வந்து நிற்கிறான். வீடு பூட்டியிருக்கிறது. மனைவி பக்கத்து வீட்டில் சாப்பிடப் போய்விட்டாள். அவன் தேங்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, அதைத் தடவிக் கொடுக்கிறான்.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. மோகனராஜ் உடைந்து போனார்.

அணை உடைந்ததுபோலக் கண்ணீர் வந்தது. முதுகே குலுங்கியது. வாயைப் பொத்தினார், சத்தம் மூக்கு வழியாக வந்தது. கைக்கு அகப்பட்ட துணியில் முகத்தைப் புதைத்தார். அது தனுஜாவின் முந்தானை. அதோடு விளக்கும் எரிந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். நாளைக்குத் தரிப்பிடத்தில் என்ன முகத்தோடு நிற்பது?

"டேய், அண்ணனப் பாருங்கடா!" என்று அழகையா கத்தினார். "சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி!"

கூட்டம் சூழ்ந்துகொண்டது. "அண்ணனுக்குச் சிரிக்கத் தெரியுமா!" "முதுகு குலுங்கினத நான் பின்னால இருந்து பாத்தேன்!" "நம்மளவிட அவருதான் கூடச் சிரிச்சிருக்காரு!" ஒரு கண்டக்டர் துணிந்து அவர் தோளிலேயே தட்டினான். நிலூஷா மேடை உடுப்போடு இறங்கி ஓடிவந்தாள். "அங்கிள், எனக்குக் கையெல்லாம் நடுக்கம். முன்னால நீங்க அப்பிடிக் குலுங்கிச் சிரிக்கிறதக் கண்டதும்தான் தைரியம் வந்திச்சு."

"நல்லா... நல்லா நடிச்சம்மா," என்றார் மோகனராஜ். அதற்கு மேல் பேசினால் மறுபடியும் வந்துவிடும் போலிருந்தது.

வெளியே மழை விட்டிருந்தது. மோகனராஜுக்கு உடம்பு பஞ்சாகிவிட்டது. இருபது வருடத்துப் பயம் ஒரே மூச்சில் இறங்கிப் போன சுகம். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டார். பெண்கள் இரண்டு பேரும் முன் சீட்டில் குசுகுசுத்துக்கொண்டு வந்தார்கள். இவர்களையும் ஏமாற்றியாயிற்று என்பதில் அவருக்குத் தனிச் சந்தோஷம்.

"என்ன சிரிப்புடி தனுஜா! வயிறே வலிக்குது. உனக்கு எந்தக் கட்டம் பிடிச்சிச்சு?" என்று முன் சீட்டைத் தட்டிக் கேட்டார்.

தனுஜா திரும்பினாள். "நீங்க என் முந்தானைக்குள்ள விம்மினீங்களே, அந்தக் கட்டந்தான்."

மோகனராஜின் கை மீசையிலேயே நின்றது.

"பீனிசம்..."

"முயல்குட்டிக்கு வந்த அதே பீனிசந்தானே? தெரிஞ்சுதாங்க சிரிப்பு நாடகமாப் பாத்துக் கூட்டிட்டு வந்தேன். நாலு பேரு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வர்ற எடத்துலதான் நீங்க நிம்மதியா அழலாம்."

அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இப்படி ஒருத்தியையா பூப் பார்த்து ஏய்க்கப் பார்த்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது. இனி எதற்குப் பயம்?

"அடுத்த சனிக்கிழமையும் இதே நாடகம் இருக்காமே, திரும்பவும் வருவோமா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"நாங்க வாறம் அண்ணன்," என்றாள் றம்ஸியா. "இண்டைக்கி உங்களப் பாத்துக்கிட்டு ஈந்ததுல, மேடையில என்ன நடந்திச்செண்டே எங்களுக்குத் தெரியல்ல."

"அப்ப நான்?"

"நீங்க வீட்டுல இருங்க," என்றாள் தனுஜா. "நாங்க வர்றதுக்குள்ள கடைக்குப் போய் நல்லதா ஒரு தேங்கா வாங்கி வைங்க."