சக்கரம் பிடித்த ஜின்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் எங்கள் ஊர் ஆண்கள் நேரே வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். நான் சொல்லப்போகும் அந்தச் சில வாரங்களில் மட்டும் சோற்றை ஆறவிட்டு மசூர் ஹாஜியாரின் லொறி யார்டுக்குப் போனார்கள். பசியை மறக்க வைக்கும் ஒரு பொருள் அங்கே இருந்தது. ஜின்!

யார்டு துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருக்கிறது. துறைமுகம் கட்டினால் கப்பல் வரும் என்று நம்பி ஹாஜியார் வாங்கிப்போட்ட வளவு. கப்பல் வரவில்லை. எனவே கொன்டெய்னர்கள் கொழும்பிலிருந்து தரை வழியாக வந்து, கடலைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்கும். நம்மூர் அரிசியை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போகும்.

ஹாஜியார் நெல் வியாபாரி. நெல்லைக் கையில் அள்ளினாலே ஈரம் சொல்லிவிடுவார். லொறியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அதன் விலை மட்டும்தான். அவர் வாங்கிய முதல் கொன்டெய்னர் லொறிக்குள் ஜின் குடியேறியது.

ஜின்னின் அட்டகாசம் இப்படி இருக்கும். லொறி சும்மா நிற்கும்போது அடிப்பக்கத்திலிருந்து ‘உஸ்ஸ்ஸ்’ என்று ஒரு பெருமூச்சு வரும். பிறகு சாரதி ஏறிச் சாவியைத் திருப்பினால், டாஷ்போர்டுக்குள்ளிருந்து சில்லூறுப் பூச்சி மாதிரி ஒன்று விடாமல் கத்தும். கியரைப் போட்டால் சக்கரம் அசையாது. யாரும் பிரேக் மிதிக்கவில்லை, ஆனால் சக்கரத்தை யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் பிடிப்பவர் ஜின்னைத் தவிர வேறு யார்? ஊர் முடிவு கட்டிவிட்டது. ஊர் முடிவு கட்டுவதற்கு ஒருபோதும் அதிக நேரம் எடுப்பதில்லை.

ஜின் இருந்தால் அதை ஓட்ட ஓர் ஆள் வேண்டும். வந்தார் சக்கரப் பாவா. யார்டு மேற்பார்வையாளர் சரீப்தான் அவரைக் கூட்டிவந்தான். பச்சைத் தலைப்பாகை, கறுப்புக் கண்ணாடி, விரல் நிறைய மோதிரம். “எந்த ஊர், பாவா?” என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பார். அங்கிருந்து இறங்கியவர் என்று கேட்டவர்களே பதிலையும் சொல்லிக்கொள்வார்கள்.

பாவாவின் சட்டங்கள் சில. எஞ்சினை அணைக்கக் கூடாது. ஜின்னுக்குப் புகை ஆகாது. டாஷ்போர்டில் அவர் ஒட்டிய தகட்டை யாரும் தொடக் கூடாது. லொறிக்கு அடியில் அவர் கட்டித் தொங்கவிட்ட பச்சை நூலையும் தொடக் கூடாது. தொட்டால் கை விளங்காமல் போகும். பிறகு டயருக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்து முணுமுணுப்பார். உள்ளே ஜின் கத்தும். பாவா முணுமுணுப்பார். ஜின் கத்தும். திடீரென்று ஜின் வாயை மூடும். உடனே பாவா பாய்ந்தெழுந்து டயரில் ஊதி, ஓர் அறை அறைவார். “விடடா சக்கரத்தை!” சாரதி பிரேக்கை விடுவிக்கும் மஞ்சள் குமிழை அமுக்கினால் லொறி நகரும்.

“சுப்ஹானல்லாஹ்!” என்று கூட்டம் உருகும். காணிக்கைத் தட்டும் நிறையும்.

புகழ் பரவியது. ஊருக்கே அக்காவான நஸீறா ராத்தா நூல் அறுக்கிற தன் தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆலையடிவேம்பிலிருந்து சாமித்தம்பி தன் லேண்ட்மாஸ்டர் கை டிராக்டரை ஏற்றி வந்தார். ஜின்னுக்குச் சாதி மதம் இல்லை என்று பாவா அதற்கும் ஊதினார். அது உறுமவில்லை. “உங்கட நம்பிக்கையில ஓட்டை இரிக்கி” என்றார் பாவா. ஓட்டை டீசல் தாங்கியில் இருந்ததைப் பிறகு கராஜில் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் சாமித்தம்பி கோபப்படவில்லை. பாவா ஓட்டை என்ற மட்டில் சரியாகச் சொல்லிவிட்டாரே!

இந்த லொறிக்கு வந்த முதல் சாரதி இன்ஸாப்; அவன் வந்த கொஞ்ச நாளில்தான் ஜின்னும் வந்தது. சவளக்கடை வயல்களில் டிராக்டர் ஓட்டிப் பழகியவன். கொன்டெய்னர் லொறியைப் பின்னுக்கு எடுப்பதுதான் புதியவர்களை அழவைக்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் பெட்டி மறுபக்கம் போகும். டிராக்டர் பெட்டியை வரம்போரமாகப் பின்னுக்கு எடுத்த இன்ஸாபுக்கு அது சோறு தின்கிற வேலை. வந்த முதல் நாளே ஹாஜியாரின் முகத்தில் சிரிப்பு வரவழைத்தான். அவனுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. டிராக்டரில் பிரேக் கெட்டால் வண்டி நிற்காது. இந்த லொறியோ பிரேக் கெட்டால் நகராது. இதை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவன் சரீப். சரீப்புக்கு வேறு வேலை இருந்தது. தன் மச்சினனை அந்த ஆசனத்தில் உட்கார வைக்கும் வேலை.

அந்த வெள்ளிக்கிழமை லொறி மறுபடியும் நின்றது. பாவா ஓதி, ஊதி, அறைந்து அதை நகர்த்தினார். பிறகு இன்ஸாபைக் கிட்ட அழைத்தார்.

“மனெ, நீ இரிக்கிற ஊடு ஆர்ர?”

“பொஞ்சாதிட ஊடு, பாவா.” எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் போய்க் குடியேறுவான்.

“அதானே பாத்தன். அந்த ஊட்டுக் கிணத்துக்குள்ள இரிக்கிற ஜின்தான் உன்னோட லொறியில ஏறி வருது. அந்த ஊட்டை விட்டு வெளிய வா. இல்லாட்டி ஹாஜியாருக்கிட்டச் சாவியைக் குடு.”

கூட்டம் “ஓம், ஓம்” என்றது. ஹாஜியார் தாடியைத் தடவினார். “தம்பி, நீ நல்ல பொடியன். ஆனா எனக்குக் கொழும்புக்கு அரிசி போகணும். நாளைக்கும் லொறி நிண்டா, ஊடா சாவியா எண்டு நீயே சொல்லு.”

சரீப் தலையைக் குனிந்துகொண்டான். துக்கத்தில் அல்ல.

இன்ஸாப் வீட்டுக்குப் போய்ச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, சாப்பிடாமல் எல்லாவற்றையும் சொன்னான். மனைவி றிஸ்லா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வாப்பா வெட்டின கிணத்துக்குள்ள ஜின்னாமா? அந்தத் தண்ணியிலதானே நீங்க வுழூ எடுத்துத் தொழுறீங்க?”

“எனக்கென்ன தெரியும்? கண்ணால பாத்தன். அவர் ஊதினா லொறி போகுது.”

“மச்சான், ஒண்டு கேக்கன். அவர் ஊதினதுக்குப் பிறகு அந்தச் சத்தம் நிக்கிறதா, சத்தம் நிண்டதுக்குப் பிறகு அவர் ஊதுறதா?”

இன்ஸாப் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினான். யோசித்தான். இவ்வளவு பெரிய கூட்டம் இத்தனை நாளாகப் பார்த்தும் யாரும் யோசிக்காத ஒன்று அது.

“சத்தம் நிண்டதுக்குப் பிறகுதான் எழும்புறார்.”

“அப்ப அவர் ஜின்னை நிப்பாட்டல்ல. நிக்குமட்டும் காத்துக்கொண்டு இரிக்கார்.” அவள் சோற்றுத் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். “தின்னுங்க. நாளைக்கு நானும் வாறன். பாவாவும் பாவம், ஓதி ஓதித் தொண்டை காஞ்சிருக்கும்.”

மறுநாள் கூட்டம் முன்னதைவிடப் பெரிது. ஒருவனின் குடும்பம் பிரிவதைப் பார்க்க வரும் கூட்டம் எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். கடலை விற்பவரும் வந்துவிட்டார். லொறிக்குக் கீழே ‘உஸ்ஸ்ஸ்’ என்றது. எல்லோரும் பின்வாங்கினார்கள். லொறியின் மறுபக்கத்திலிருந்து சரீப் உடுத்திருந்த சாரத்தின் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தான். இன்ஸாப் சாவியைத் திருப்பினான். ஜின் கத்தத் தொடங்கியது. எஞ்சின் ஓடியது.

பாவா பாயை விரிக்கப் போனார். றிஸ்லா பிளாஸ்க்கோடு முன்னால் வந்து நின்றாள்.

“பாவா, முதல்ல ஒரு பிளேன்டீ குடிங்க. இஞ்சி போட்டது.”

“ஓதுற நேரம் குடிக்கப்படாது, புள்ள.”

“அதுதான் ஓதுறத்துக்கு முதல் தாறன். எஞ்சின் ஓடட்டும். ஜின்னுக்குப் புகை ஆகாதெண்டு சொன்ன நீங்கதானே?”

பாவா சரீப்பைப் பார்த்தார். சரீப் வானத்தைப் பார்த்தான். “புள்ள அன்பாத் தாரா, குடிங்க பாவா” என்றார் ஹாஜியார். அன்போடு நீட்டிய கோப்பையைத் தட்டுவதற்கு ஓதல் எதுவும் இல்லை. பாவா அவசரமாக ஒரு வாய் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். “ஐயோ, மெல்லமாக் குடிங்க. இந்தத் தொதலையும் தின்னுங்க” என்று றிஸ்லா ஒரு பெரிய துண்டை வாழையிலையோடு நீட்டினாள். பாவா வாயில் போட்டார். அல்வா போல நல்ல பதத்தில் கிண்டிய தொதல். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றாகிவிட்டன.

அந்த நேரம் பார்த்து ஜின் வாயை மூடியது.

யார்டு முழுக்க எஞ்சின் சத்தம் மட்டும்.

“ஹாஜியார்,” என்றாள் றிஸ்லா, “இப்ப ஆரு ஓதின?”

“பாவா மனசுக்குள்ள ஓதினார்!” என்று கத்தினான் சரீப். பாவா தொதலோடு தலையை ஆட்டினார்.

“அப்பச் சரி. இன்னொருக்காப் பாப்பம். இந்த முறை எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, பாவா வாயைத் திறந்தே ஓதட்டும்” என்றாள் றிஸ்லா.

“ஜின் இப்பதான் போயிட்டே! இனி எப்பிடி வரும்?” என்றார் நஸீறா ராத்தா. நியாயமான கேள்விதான்.

இன்ஸாப் கீழே இறங்கினான். ஒவ்வொரு பெருமூச்சுக்கும் பிறகு சரீப் நடந்து வரும் பக்கத்துக்குப் போய்க் குனிந்தான். “பிஸ்மில்லாஹ்” என்று பச்சை நூலைப் பிடித்து இழுத்தான்.

‘உஸ்ஸ்ஸ்!’

கூட்டம் வேலி வரைக்கும் ஓடியது. இன்ஸாபின் கை விளங்காமல் போகவில்லை. நூலை விட்டான், பெருமூச்சு நின்றது. இழுத்தான், வந்தது. “ஹாஜியார், இழுத்தா மூச்சு விடுது, விட்டா அடக்குது. இப்பிடிச் சொல்வழி கேக்கிற ஜின்னை நான் கண்டதில்லை!” நூலின் மறுமுனை பிரேக்கின் காற்றுத் தாங்கியின் அடியிலிருந்த வளையத்தில் கட்டப்பட்டிருந்தது. உள்ளே மறுபடியும் கத்தல் தொடங்கியது.

அவன் கதவைத் திறந்து டாஷ்போர்டுத் தகட்டை உரித்தான். அதன் கீழே காற்றின் அளவைக் காட்டும் வட்டமான ஒரு மானி. அதன் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே விழுந்து கிடந்தது.

எஞ்சினை நிறுத்தினான். சாவி போட்டபடியே இருந்தது, கத்தலும் நிற்கவில்லை. “ஓதுங்க பாவா” என்றார் ஹாஜியார். இந்த முறை அவர் குரலில் தேன் இல்லை. பாவா தொதலை விழுங்கிவிட்டுப் பாயை விரித்து ஓதினார், ஊதினார், டயரில் அறைந்தார். கை வலித்ததே மிச்சம். முள் அசையவில்லை. ஹாஜியார் ஏறி நின்று பார்த்தார். முள் அசையவே இல்லை.

பிறகு எஞ்சின் ஓடியது. யாரும் ஓதவில்லை. எல்லோரும் முண்டியடித்து முள்ளைப் பார்த்தார்கள். அது மெல்ல மெல்ல ஏறியது. சிவப்பைத் தாண்டியதும் கத்தல் நின்றது. இன்ஸாப் குமிழை அமுக்கினான். லொறி நகர்ந்து பாவாவின் பாயின் மேல் ஏறியது. பாவா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

அவ்வளவுதான் ஜின். காற்று நிறைந்தால்தான் பூட்டிய சக்கரம் விடுபடும் என்று செய்யப்பட்ட வண்டி அது. காற்றைத் திறந்துவிட்டவன் சரீப்; முதலில் அந்த வளையத்தைக் கையால் இழுத்து, பிறகு பாவா கட்டிய நூலால். தகடு முள்ளை மறைத்தது. வானத்திலிருந்து இறங்கிய பாவா முன்பு தூர பஸ் ஒன்றில் கிளீனராக இருந்தவராம். காலையில் பஸ்ஸுக்குக் காற்று ஏறுமட்டும் கொட்டாவி விட்டுக் காத்திருந்த அந்த நேரத்தைத்தான் இங்கே தவம் என்று விற்றார். பேசிக் கூட்டிவந்த சரீப் யார்டின் வாசல் கேற்றைத் தாண்டிவிட்டான்; அவனுக்கு எந்தக் காற்றும் தேவைப்படவில்லை.

நேற்று காணிக்கை போட்ட கைகள் இன்று கல்லைப் பொறுக்கின. அல்லாஹ்வின் பெயரை விற்றவன்மேல் எனக்கும் கோபம்தான். ஆனால் வாங்கிய நாமும் சேர்ந்துதானே அந்தக் கடையை நடத்தினோம்? றிஸ்லா குறுக்கே நின்றாள். “அடிக்காதீங்க. நாக்கும் சுட்டுப்போய் நிக்கார்.” மீதித் தேநீரை வேலிக்கு மேலால் பாவாவிடம் நீட்டினாள். வாங்கக் குனிந்தவரின் தலைப்பாகை கழன்று விழுந்தது. அது இல்லாவிட்டால் அவரும் நம்மைப் போல வழுக்கைத் தலை மனிதர்தான்.

“நஸீறா ராத்தாக்குக் காணிக்கையைத் திருப்பிக் குடுங்க. மத்தவங்களுக்கும்” என்றார் ஹாஜியார். பிறகு இன்ஸாபிடம் வந்தார். “சாவி உன்னோடயே இரிக்கட்டும், தம்பி. அரிசியை இறக்கிப்போட்டு உன்ட ஊட்டுக்கே வா.”

லொறி அரிசியோடு வீதிக்கு ஏறியது. கூட்டம் கலைந்தது. நஸீறா ராத்தா மட்டும் தையல் மெசினை இடுப்பில் வைத்துக்கொண்டு றிஸ்லாவின் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“புள்ள, அந்தத் தொதல்ல என்ன ஓதின நீ? ஜின்னே வாயை மூடிட்டே! எனக்கும் ஒரு துண்டு தா கா.”

றிஸ்லா சிரித்துக்கொண்டு பெரிய துண்டாகவே வெட்டிக் கொடுத்தாள்.

“ஒண்டும் ஓதல்ல, ராத்தா. அரிசிமா, சீனி, தேங்காப்பால். கொஞ்ச நேரம் வாய் ஒட்டும். அந்த நேரத்தில யோசிச்சுப் பாருங்க.”