வரியில் கழிக்க ஒரு கொத்துரொட்டி

ஆஸ்திரேலியாவில் சொந்தத் தொழில் செய்யும் தமிழரிடையே ஒரு மூடநம்பிக்கை நிலவுகிறது. வாடிக்கையாளரை எதிரே இருத்திவைத்துச் சாப்பிட்டால் அந்தச் செலவை வரியில் கழித்துவிடலாம் என்பது அது. பெரும் பிழை. சட்டத்தின் கண்ணில் அந்தச் சாப்பாடு தொழில் அல்ல, கேளிக்கை. ‘யாரோடு சாப்பிட்டாய்?’ என்று சட்டம் கேட்பதில்லை. ‘இரவு எங்கே படுத்தாய்?’ என்றுதான் கேட்கிறது. தொழிலுக்காக வெளியூர் போய் இரவு தங்கினால் சாப்பாட்டுச் செலவு கழியும்.

சிட்னிக்கு விமானத்தில் போகவேண்டிய தொலைவில், ரோவில் என்ற புறநகரில் குடியிருந்து, கடைகளுக்குக் கண்காணிப்புக் கமரா பூட்டும் வரதராஜா இதைத் தானே வாசித்துக் கண்டுபிடித்தார். மனைவி சிவகௌரிக்கும் விளக்கினார். அவள் மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்பவள். அவளுக்கும் சொந்தத் தொழில். இருவர் வரிக்கணக்கையும் பார்ப்பவர் இவர். ஆகவே இரண்டு தரம் விளக்கினார்.

விளக்கத்துக்குள் ஓர் ஆசை ஒளிந்திருந்தது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் குரக்கன் என்னும் கேழ்வரகுப் புட்டும் பாகற்காயும்தான். வரதராஜாவுக்கு வேண்டியது ஒரு தட்டு ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி. அதுவும் சட்டப்படி.

“இஞ்சாருமப்பா, சிட்னியிலை ஒரு வேலை. பென்டில் ஹில்லிலை கடை ஒண்டுக்குக் கமரா பூட்டவேணும். ஒரு இரவு தங்கவேணும்.”

“எங்கை தங்கப் போறியள்?”

“ஹோம்புஷிலை ஹோட்டல் புக் பண்ணிட்டன்.”

“வேலை பென்டில் ஹில்லிலை, படுக்கை ஹோம்புஷிலையோ?”

“ரெயினுக்குக் கிட்ட.”

“எங்கட ஆக்களின்ரை கொத்துரொட்டிக் கடையளுக்கும் கிட்ட.”

“சீச்சீ! இது வாயின்ரை ஆசையில்லை. வரிச்சட்டம். வெளியிலை படுத்தால்தான் கழிக்கலாம்.”

“சட்டமெண்டால் நான் குறுக்கை நிக்கேல்லை. போய்ட்டு வாங்கோ.”

இவ்வளவு சுலபமாக வென்ற பழக்கம் வரதராஜாவுக்கு இல்லை. விமானத்தில் தந்த பிஸ்கட்டைக்கூட, வயிற்றில் இடம் வேண்டுமென்று அவர் தொடவில்லை.

சிட்னி விமான நிலைய வாசலில் சிவகௌரியின் தங்கை நிரூபா நின்றாள்.

“அத்தான்! பென்டில் ஹில்லிலை எங்கட வீடு இருக்க, ஹோட்டலிலை படுக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?”

“இல்லை நிரூபா, இது வரிக்கு…”

“வரியோ? நாங்கள் உங்களிட்டைக் காசு கேக்கவோ போறம்? அக்கா ஹோட்டலைக் கான்சல் பண்ணிப்போட்டா. ஏறுங்கோ காரிலை.”

வெறுங்கையோடு போகக் கூடாதென்று வழியில் ஒரு கேக் வாங்கினார். அந்தச் செலவு கழியாது என்பது வாங்கும்போதே அவருக்குத் தெரியும். கேக்கை வெட்டியபோது அவருக்கு மட்டும் துண்டு வரவில்லை. குரக்கன் புட்டு வந்தது. கூடவே பாகற்காய்.

“அக்கா செய்முறையெல்லாம் வட்ஸ்அப்பிலை அனுப்பினவ. அவவின்ரை கை மாதிரியே இருக்கோ, அத்தான்?”

“ஓம்,” என்றார் வரதராஜா. “அச்சு அவவேதான்.”

மறுநாள் கடையில் ஏணி மேல் நின்று கமரா பூட்டும்போதும் கீழிருந்து நிரூபாவின் குரல் கேட்டது. “அத்தான், மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தனான்!” பின்னேரம் அவளே விமானத்துக்கும் ஏற்றிவிட்டாள். ஹோம்புஷை அவர் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

வரிக்கணக்கு முடிக்கும் நாள் வந்தது. அவருடைய பயணச் சாப்பாட்டுச் செலவு பூச்சியம். சிவகௌரி ஒரு ரசீதை மேசையில் வைத்தாள்.

“இதென்ன?”

“நீங்கள் சிட்னி போனதுக்கு அடுத்த நாள் எனக்கும் பென்டிகோவிலை ஒரு கலியாணம். விடியக் காலமை பொம்பிளைக்கு மேக்கப். முதல் நாளே போய்த் தங்கினனான். நீங்கள் சொல்லித் தந்த சட்டம் நல்ல சட்டமப்பா.”

வரதராஜா ரசீதை வாசித்தார். வாட்டிய ஆட்டுக்கால். சொக்லேற் புடிங்.

“ஹோட்டலிலையோ தங்கினனீர்?”

“வேறை எங்கை? பென்டிகோவிலை எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையே.”

வரதராஜா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆட்டுக்காலை உரிய கட்டத்தில் பதிந்தார்.