ஏழு சீட்டும் ஒரு டக் டக்கும்

ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்றை வாங்கியே தீருவது என்று லிஃப்ட்காரர் முடிவு கட்டியபோது அந்த வீட்டில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஒருவர் அவர். இன்னொருவர் அவர் மனைவி. அவளும் அப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்டில் நின்று பொத்தானை அமுக்குகிறவர் இல்லை. லிஃப்டுகளைச் சோதித்துப் பார்த்து, 'இது ஓடலாம்' என்று கையெழுத்துப் போடுகிற இன்ஸ்பெக்டர். முப்பத்தாறு வருஷம் அந்த வேலை. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் எதைப் பார்த்தாலும் 'இது எத்தனை பேரைத் தாங்கும்' என்று யோசிக்கிற புத்தி மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. சோபா, நாலு பேர். சாப்பாட்டு மேஜை, ஆறு பேர். அந்த மேஜையின் ஒரு மூலையில்தான் இப்போது இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மற்ற நாலு நாற்காலியிலும் மடிக்க வேண்டிய துணி உட்கார்ந்திருந்தது.

துணி காயப்போட்டு இறங்கி வந்தவளிடம் தீர்மானத்தை அறிவித்தார்.

"ஏழு சீட்டா? எதுக்குங்க?"

"எண்ணிப் பாரு. மூத்தவன், அவன் பொண்டாட்டி, பேத்தி. சின்னவ, மாப்பிள்ளை. நீ, நான். சரியா ஏழு."

"அவங்க எல்லாரும் சேர்ந்து வந்து ஒன்றரை வருஷம் ஆச்சே."

"அதைத்தான் நானும் சொல்றேன். வந்தா ஏத்திட்டுப் போக வண்டி இல்ல. போன தடவை ரெண்டு ஆட்டோ. மாப்பிள்ளை ஆறடி. பாவம், குடை மாதிரி மடங்கி உக்காந்தாரு. அதான் யாரும் வர்றதில்ல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்து மடித்தாள். "சரி, பாருங்க" என்றாள்.

எதிர்ப்பு இல்லாமல் ஜெயித்தது லிஃப்ட்காரருக்கே சந்தேகமாக இருந்தது.

கையில் இருந்த சேமிப்புக்குப் புது வண்டியில் முன்சீட்டு வரைக்கும்தான் வரும். பின்னால் இருக்கிற ஐந்து சீட்டுக்கும் வேறு யாராவது பணம் கட்ட வேண்டும். அதனால் செகண்ட் ஹேண்ட் வண்டி. பெரிய சாலையில் தகரக் கொட்டகை போட்டு, பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார் ஒரு புரோக்கர். எஸ்.யூ.வி.களை மட்டும் தனியாக முன்வரிசையில் நிறுத்தி, டயருக்குக் கறுப்பு மை பூசி வைத்திருந்தார்.

முதல் வண்டி வெள்ளை. லிஃப்ட்காரர் குனிந்தார், படுத்தார், அடியில் டார்ச் அடித்தார், மிதியடியைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டினார். எல்லாம் திருப்தி. அவர் மனைவி ஒரு காலைத் தூக்கி வைத்தாள். இறக்கினாள்.

"படி ரொம்ப உசரம். என் முட்டிக்கு ஆகாது."

இரண்டாவது வண்டி சிவப்பு. கதவைத் திறந்து மூக்கை மட்டும் உள்ளே நீட்டினாள். "நனைஞ்ச நாய் வாசனை அடிக்குது."

"எனக்கு ஒண்ணும் அடிக்கலியே!"

"உங்களுக்குப் பால் பொங்கிக் கருகினாலே அடிக்காது."

மூன்றாவது வண்டியில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பேரம் படியப் பிரார்த்தனை செய்கிறாளோ என்று புரோக்கர்கூட மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டார். கண்ணைத் திறந்து சொன்னாள்: "இங்க ஏசி காத்து வரல. புள்ளைங்க வெந்து போயிடும்."

"அண்ணே, அடுத்த தடவை நீங்க தனியா வாங்களேன்" என்றார் புரோக்கர், காதோடு காதாக.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. லிஃப்ட்காரருக்கு அதன் அர்த்தம் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிஷம் பேசுகிற மூத்தவன், இப்போது தினமும் கூப்பிட்டான்.

"அம்மா, படி உசரம்னா பக்கத்துல ஒரு இரும்புப் பலகை மாட்டிக்கலாம்மா. அதுக்காக வண்டிய விடாதீங்க."

சின்னவள் கூப்பிட்டாள். "சோடா உப்பத் தூவி ரெண்டு நாள் மூடி வச்சா நாத்தம் போயிடும்மா. இவரு யாரையோ கேட்டுச் சொன்னாரு. இரு, இவரே பேசறாராம்."

"அத்தை, டீசலா பெட்ரோலா? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு? மீட்டரைத் திருப்பி வச்சிருப்பாங்க, பெடல் தேஞ்சிருக்கான்னு மாமாவைப் பாக்கச் சொல்லுங்க."

பேத்தி கூப்பிட்டு, மேலே திறக்கிற ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டாள். தலையை வெளியே நீட்ட வேண்டுமாம்.

மனைவி போனைக் காதில் வைத்தபடியே பாத்திரம் கழுவினாள், அடுப்பைத் துடைத்தாள், சாயங்காலம் கும்பிடும்போது மட்டும்தான் கீழே வைத்தாள். லிஃப்ட்காரருக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் தன் வண்டிக் கதை நாறுகிறதே என்று.

ஒருநாள், மூக்குக்கண்ணாடிக்குக் கால் ஒடிந்துவிட்டது, ஒட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினார். புரோக்கரிடம் சாம்பல் நிறத்தில் ஒன்று வந்திருந்தது. ஒன்பது வருஷ வண்டி, ஒரே ஆள் ஓட்டியது. படி தாழ்வு. நாய் வாசனை இல்லை. கடைசி வரிசையில் காற்று வந்தது. பட்ஜெட்டுக்குள் அடங்கியது. முப்பத்தாறு வருஷத்துக் கையெழுத்தை அங்கேயே போட்டார். ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார்.

மனைவி வாசலுக்கு வந்தாள்.

"கண்ணாடிக் காலை ஒட்டப் போனீங்களே?"

"ஒட்டியாச்சு. கூடவே நாலு சக்கரமும் குடுத்தாங்க."

அவள் சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தாள். சக்கரத்துக்கு மேலே கையை வைத்துக் கண்ணை மூடி ஒரு நொடி வேண்டிக்கொண்டாள். "நல்லா இருக்குங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலில் ஏதோ ஒன்று முடிந்துபோன மாதிரி இருந்தது.

அன்றைக்குப் போன் விடாமல் அடித்தது. வாழ்த்து. போட்டோ கேட்டார்கள். போட்டோ போனது. கட்டைவிரல் படம் ஐந்து வந்தது.

அதற்குப் பிறகு போன் அடிக்கவில்லை.

ஒரு நாள் அடிக்கவில்லை. நாலு நாள் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூத்தவன் கூப்பிட்டான். "வண்டி ஓடுதாப்பா? சரிப்பா. உடம்பப் பாத்துக்கங்க." நாலு நிமிஷம்கூட இல்லை, மூன்று. லிஃப்ட்காரர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அதன் வெளிச்சம் அணைந்ததும் கட்டைவிரலால் தட்டினார். மறுபடியும் அணைந்தது.

லிஃப்ட் வேலையில் ஒரு விஷயம் உண்டு. ஆள் நிறைந்த லிஃப்டைவிட ஆள் இல்லாத லிஃப்டுக்குத்தான் பயப்பட வேண்டும். அதைச் சமன் செய்ய மறுபக்கம் ஒரு எடைக்கல் தொங்கும். பிரேக் விட்டுப்போனால் அந்தக் கல் கீழே இறங்கும், வெறும் பெட்டி சர்ரென்று உச்சிக்குப் போய் இடிக்கும். வாசலில் நின்ற வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்த ஞாபகம் வந்தது. தினமும் துடைத்தார். ஏழு சீட்டையும் துடைத்தார். யாரும் உட்காராத சீட்டில் அவ்வளவு தூசி எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

காய்கறிக்கும் மருந்துக் கடைக்கும் அந்தப் பெரிய வண்டியில் இருவரும் போனார்கள். ஒரு மாதம் போல முன்சீட்டில் உட்கார்ந்து வந்தவள், ஒருநாள் திடீரென்று கைப்பையோடு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

"ஏன் அங்க போயி உக்காந்திருக்க? நான் என்ன டிரைவரா?"

"அவ்வளவு இடம் சும்மாவே கெடக்குதுங்க. பின்னாடி யாராச்சும் இருக்கட்டும்."

இருவரும் நடுவில் ஒரு வெற்று வரிசையை வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பேசினார்கள். அவள் முகம் அதில் தபால்தலை அளவுக்குத் தெரிந்தது.

அன்றுதான் அந்தச் சத்தம் வந்தது. சாலையில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது.

டக். டக்.

லிஃப்ட்காரர் நிமிர்ந்தார். சாதாரணக் காதா அது? மூன்றாவது மாடியில் நின்று, எட்டாவது மாடியில் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொன்ன காது.

"கேட்டியா?"

"எதை?"

டக். டக்.

"அதை!"

"ஆமாங்க. பின்னாடி என்னமோ ஆடுது. பழைய வண்டிதானே." பெருமூச்சு விட்டாள். "மூத்தவனக் கேட்டுப் பாருங்களேன்."

கேட்டார். அவ்வளவுதான், போன் உயிர் பிழைத்தது. மூத்தவன் 'ரப்பர் புஷ் தேஞ்சிருக்கும்' என்றான். மாப்பிள்ளை 'ஷாக் அப்சார்பர்' என்றார். மருமகளின் அப்பா வண்டியில் இதே மாதிரி வந்து கடைசியில் பின்கதவுப் பூட்டு என்று தெரிந்ததாம். சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள். லிஃப்ட்காரர் போனைச் சீட்டில் வைத்துத் தனியாக ஓட்டினார். சத்தம் வரவில்லை. மெக்கானிக்கிடம் கொண்டு போனார். அவன் ஓட்டினான். வரவில்லை. மனைவி ஏறினாள். டக். டக்.

அவள் சீட்டில் அறுபது கிலோ மணல் மூட்டையை வைத்துக் கட்டி ஓட்டினார். வரவில்லை!

இதற்கு மேல் ஒரு சாதாரண மனிதனுக்குச் சந்தேகம் வந்திருக்கும். லிஃப்ட்காரர் சாதாரண மனிதர் இல்லை, நிபுணர்.

"மூட்டை ஆடாது. மனுஷன்தான் வளைவுல ஆடுவான்" என்று விளக்கினார். "இது ஆள் பாரத்துக்கு வர்ற சத்தம்."

"லிஃப்ட்ல இப்படி வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் மனைவி, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"எத்தனை பேருக்கான லிஃப்டோ அத்தனை பேரையும் ஏத்தி ஓட்டிப் பாப்போம். முழு பாரச் சோதனை."

"ஓ." அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "இது எத்தனை பேருக்கான வண்டி?"

லிஃப்ட்காரர் எழுந்து நின்றுவிட்டார். தன் மூளையை நினைத்து அவருக்கே மெய்சிலிர்த்தது. மூத்தவனைக் கூப்பிட்டார். சின்னவளைக் கூப்பிட்டார். "ஏழு பேரும் உக்காந்தாத்தான் கண்டுபிடிக்க முடியும். இந்த வயசுல நான் இப்படியொரு வண்டிய ஓட்டறது உங்களுக்குச் சம்மதமா?" என்று ஒரு போடு போட்டார்.

வந்தார்கள்! அடுத்த சனிக்கிழமை காலை ரயிலில் மூத்தவன் வீட்டார், மதிய ரயிலில் சின்னவள் வீட்டார். துணிகள் நாற்காலிகளை விட்டு இறங்கின. ஆறு பேர் மேஜையில் ஆறு பேரும் நிறைந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மனைவி உட்காரவே இல்லை, பரிமாறினாள், பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஞாயிறு காலை முழு பாரச் சோதனை. ஏழு பேரும் ஏறினார்கள். மாப்பிள்ளை மடங்காமல் உட்கார்ந்தார். எப்போதும் கைப்பையோடு வருகிற மனைவி அன்று கையை வீசிக்கொண்டு வந்தாள். பேத்தியைப் பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டுமாம். ஊரில் உள்ள பள்ளங்கள் ஒவ்வொன்றிலும் லிஃப்ட்காரர் வண்டியை இறக்கினார். பேத்தி ஒவ்வொரு தடவையும் "இன்னொண்ணு தாத்தா!" என்று கத்தினாள்.

சத்தம் வரவில்லை. ஒரு 'டக்'கூட இல்லை.

"அப்பா, காது டாக்டர் ஒருத்தர் எனக்குத் தெரிஞ்சவர் இருக்காரு" என்றான் மூத்தவன், பவ்யமாக.

"போடா! உங்கம்மாவும்தான் கேட்டா!"

"ஏம்மா, கேட்டியா?"

"எனக்கு என்னடா தெரியும்? அப்பா கேக்குதுன்னாரு, நானும் ஆமான்னேன்."

வண்டி குலுங்கச் சிரித்தார்கள். லிஃப்ட்காரருக்கு மானம் போனது. ஆனாலும் இன்னும் நாலு தெரு சுற்றித்தான் வீட்டுக்கு வந்தார்.

சாயங்காலம் எல்லாரையும் ரயிலேற்றிவிட்டார்கள். பிளாட்பாரம் காலியானது. வண்டியின் கடைசி வரிசை ஜன்னலில் பேத்தியின் ஐந்து விரலும் பதிந்திருந்தன. லிஃப்ட்காரர் துடைக்கத் துணியை எடுத்தார், அப்படியே மடித்து வைத்துவிட்டார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே கைப்பையை மறக்காமல் எடுத்துவந்து, வழியெல்லாம் அசையாமல் பிடித்திருந்த மனைவி அந்த ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. ஐந்து சீட்டு காலியாக இருந்தால் வண்டி எவ்வளவு லேசாக ஓடுகிறது!

முதல் பள்ளம்.

டக். டக்.

லிஃப்ட்காரர் கண்ணாடியைப் பார்த்தார். தபால்தலை முகம் வெளியே வேடிக்கை பார்த்தது. அதன் மடியில் பை இருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"அந்தப் பையில என்ன?"

மனைவி பையின் வாயைப் பிரித்தாள். பிறகு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்துக் காட்டினாள். "மூத்தவனோட கோலிக்குண்டு. அவன் ரூம் அலமாரியில கெடந்துச்சு."

முப்பத்தாறு வருஷக் காது சூடாகிச் சிவந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தார். ஜன்னலில் ஐந்து விரல் தெரிந்தது. வாயை மூடினார்.

"எத்தனை குண்டு?" என்று கேட்டார் கடைசியில்.

"ரெண்டு."

"இன்னும் இருக்கா?"

"ஒரு டப்பா நெறைய இருக்கு. அடுத்த தடவை நாலாப் போட்டுக்கறேன். இந்தத் தடவை ஒரு ராத்திரிதானே தங்கினாங்க."

லிஃப்ட்காரர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். இந்தத் திட்டத்தில் ஒரு வேலையையாவது தானே செய்துவிட வேண்டும் என்று மூத்தவனின் எண்ணைத் தேடினார்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"இப்பவே வேண்டாங்க. அவங்க வீடு போய்ச் சேரட்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சொல்லுங்க, அப்பத்தான் எல்லாரும் சும்மா இருப்பாங்க."