கிழக்கு மேற்கு ஆட்டமும் அட்டவணை அண்ணையும்

டென்மார்க்கில் உள்ள தமிழர்களில் உதைபந்தாட்டத்துக்காக அட்டவணை அண்ணையைப் போல உழைத்த இன்னொரு மனிதர் கிடையாது. இத்தனைக்கும் அவர் தன் வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட உதைத்ததில்லை. ஒருமுறை கோட்டைத் தாண்டி அவருடைய காலடிக்கு உருண்டு போன பந்தைப் பார்த்து, "அண்ணை, தட்டிவிடுங்கோ!" என்று கத்தினோம். அவர் குனிந்து, இரண்டு கையாலும் தூக்கி, பிறந்த குழந்தையைக் கொண்டுவருவது போல நடந்துவந்து நடுவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

எந்த அணி, எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரோடு ஆடுவது என்று அட்டவணை போடுவதுதான் அவருடைய வேலை. சம்பளத்துக்குச் செய்த வேலை கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவது. நானும் அதே வரிசையில் அவருக்கு எதிரே நின்றேன். அவருடைய சொந்தப் பெயர் கொம்யூன் எனும் நகரசபை அலுவலகத்துக்கும் அவர் மனைவி ராணி அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். ராணி அக்கா "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிடுவார் என்பதால், கொம்யூனுக்கு மட்டும்தான் தெரியும் என்றும் சொல்லலாம்.

சாதாரணத் தாள் அவருக்குப் போதாது. கேக் சுடும்போது தட்டில் விரிக்கிற தாள் இருக்கிறதே, அந்தச் சுருளில்தான் எழுதுவார். விரித்தால் மேசையைத் தாண்டிக் கதவு வரைக்கும் போகும். ஒருநாள் ராணி அக்கா கவனிக்காமல் அதிலிருந்து ஒரு முழத்தைக் கிழித்துக் கேக் சுட்டுவிட்டார். தாளை உரித்தால் கேக்கின் அடியில் அரையிறுதி ஆட்டம் தலைகீழாகப் பதிந்திருந்தது. வந்திருந்த எங்களை அண்ணை கையெடுத்துக் கும்பிட்டார். "அந்தத் துண்டை மட்டும் ஒருத்தரும் தின்னாதேங்கோ. நான் இன்னும் பிரதி எடுக்கேல்லை."

சனிக்கிழமைகளை அவர் அளவுக்கு மதித்தவர்களை நான் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர்களுக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை விரதக்காரர் சோர்ந்துபோய் ஓடமாட்டார்கள். ஆகவே வாரத்தில் மிஞ்சுவது சனி ஒன்றுதான். அந்தச் சனியிலும் கல்யாணக்காரர் வந்து குறுக்கே விழுவார்கள். விபோர்க்கில் ஒரு கல்யாணம் அரையிறுதி நேரத்தில் வந்து மோதியபோது, அண்ணை நேரே ஐயரிடம் போனார்.

"ஐயா, உந்த முகூர்த்தத்தை ஒரு மணித்தியாலம் பிந்திப் போடேலாதோ? மாப்பிள்ளைதான் எங்கட பின்வரிசை."

"கிரகம் பாத்து வைச்ச நேரம் தம்பி."

"கிரகத்துக்கு வேற நாள் கிடைக்கும் ஐயா. மைதானத்துக்குக் கிடைக்காது."

ஐயர் அசையவில்லை. அண்ணை அரையிறுதியைக் காலை எட்டு மணிக்கு மாற்றினார். மாப்பிள்ளை ஆடி, வென்று, குளித்து, மணவறைக்கு நொண்டிக்கொண்டு வந்தார். பெண் வீட்டார் முதலில் பயந்துதான் போனார்கள்.

அவருடைய உயிர் இருந்த இடம் கிழக்கு மேற்கு ஆட்டம். ஊரில் ஒரே வீதியின் இரண்டு பக்கத்திலும் இரண்டு சின்னப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. எங்களுடையது கிழக்கு, மற்றது மேற்கு. அகதிகளாக வந்தபோது கிழக்கில் படித்தவர்கள் பெரும்பாலும் கிரின்ஸ்டெட் பக்கம் வந்து விழுந்தோம். மேற்கார் ஸ்கீவவிலும் விபோர்க்கிலும் விழுந்தார்கள். ஒவ்வொரு வருடமும் ஜூன் கடைசிச் சனிக்கிழமை இரண்டு பக்கமும் விபோர்க்கில் ஆடுவோம். அன்றைக்கு வராதவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று அர்த்தம்.

மேற்கு அணிக்குப் பொறுப்பானவர் ஸ்கீவ சிவம். அவருக்கும் அண்ணைக்கும் பல வருடமாக ஒரே ஒரு சண்டை. விபோர்க் மேற்காருக்குப் பக்கம், எங்களுக்குத் தூரம், ஆகையால் ஆட்டத்தைச் சரிநடுவில் வைக்க வேண்டும் என்பது அண்ணையின் கட்சி. தன் பழைய காரில் கிலோமீட்டர் பார்த்துக்கொண்டே ஓடிச் சரிநடுவைக் கண்டும் பிடித்தார். அது ஒரு பன்றிப் பண்ணைக்குள் இருந்தது. அவர் விடவில்லை. பண்ணைக்காரரைக் கூப்பிட்டு, வருடத்துக்கு ஒருநாள் பன்றிகளை ஒதுக்கி வைக்க முடியுமா என்று தனக்குத் தெரிந்த டேனிஷில் கேட்டார். அந்த மனிதர் நீண்ட நேரம் யோசித்து, "நை" என்றார், முடியாது என்று. "யோசிச்சவன் தானே," என்று அண்ணை அதையும் ஒரு நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் பேரவை வந்தது. ஊரில் பெரிய மதிலும் பெரிய பெயரும் உள்ள நாலு கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஒன்று கூடி, இனிமேல் கோடைகாலப் போட்டிகளைத் தாங்களே நடத்துவதாக அறிவித்தன. இலையுதிர்காலத்தில் விபோர்க்கில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பேரவையின் செயலாளர் நல்ல சட்டை போட்ட, நல்லாகக் கதைக்கிற மனிதர். மடிக்கணினியைத் திறந்து சுவரில் படம் விழுத்தினார். சுவரில் நிறம் நிறமான அட்டவணை. நாலு பெரிய கல்லூரிகளும் ஒன்றோடொன்று பெரிய மைதானத்தில் மாலையில் ஆடும். சின்னப் பள்ளிக்கூடங்கள் காலையில், பின் மைதானத்தில், தகுதி ஆட்டம் ஆட வேண்டும். கிழக்கு ஒரு பிரிவில், மேற்கு வேறு பிரிவில். போட்டிக்குப் பெயர் கொடுக்கிற அணி அந்தக் கோடையில் வெளியே எந்த ஆட்டமும் ஆடக்கூடாது.

அண்ணை கையில் சுருளோடு எழும்பினார்.

"அப்ப கிழக்கு மேற்கு ஆட்டம் எங்க தம்பி?"

"ரெண்டு பேரும் இறுதிக்கு வந்தா ஆடலாம் அண்ணை."

"ரெண்டும் இறுதிக்கு வராதெண்டு உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. சனம் பெரிய ஆட்டத்தைப் பாக்கத்தான் வருகுது. உங்கட ரெண்டு பள்ளிக்கூடத்தையும் நான் வரைபடத்தில தேடித்தான் கண்டுபிடிச்சனான்."

மண்டபம் சிரித்தது. அண்ணை சிரிப்பு அடங்கும் வரை நின்றார். "ஆக்கள் வேலைத்தலத்தில கிழமை முழுக்க டேனிஷில ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வருகினம். வருசத்தில ஒருநாள், தங்களைச் சின்ன வயசில இருந்து தெரிஞ்ச ஒருத்தனோட சண்டை பிடிக்க வேணும் தம்பி. அது பெரிய ஆட்டமில்லைத்தான்." சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இப்போது சொல்ல வெட்கமான விடயத்தைச் சொல்கிறேன். நான்தான் கிழக்கின் கோல்காப்பாளன், தலைவனும்கூட. பெரிய மைதானத்தில் ஆடும் ஆசை எனக்கும் இருந்தது. பேரவையின் தாளில் கையெழுத்து வைத்தேன். மேற்கின் தலைவனும் வைத்தான். அடுத்த நாள் தொழிற்சாலையில் எனக்கு எதிரே நின்று பெட்டி அடுக்கிய அண்ணை, வழக்கம்போலத் தன் தேநீரில் பாதியை என் கோப்பைக்குள் ஊற்றினார். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த வசந்தத்தில் வன்னியில் யுத்தம் முடிவுக்கு வந்தது. அந்த நாட்களை எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. எல்லா வீட்டிலும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவரும் அங்கிருந்த தங்கள் சொந்தங்களின் எண்ணுக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசி எடுத்தோம். பஸ் பிடித்துக் கோப்பன்ஹேகன் போய்த் தெருவில் பதாகையோடு நின்றோம், திரும்பி வந்து வேலைக்குப் போனோம். பேரவை போட்டியைக் கைவிட்டது. அது சரியான முடிவு. ஆடுகிற மனம் ஒருவருக்கும் இல்லை.

ஒரு இடைவேளையில் யாரோ சொன்னார்கள், ஸ்கீவ சிவத்தின் தம்பி போய்விட்டாராம் என்று. அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார்.

"சிவத்தின்ர வீட்டை ஆர் போயினம்?"

"ஆர் போறது அண்ணை? எல்லாற்ற வீட்டிலையும் அதுதானே நிலைமை."

 அடுத்த நாள் காலை அண்ணை சுருளைக் கொண்டுவந்து பெட்டிகளின் மேல் விரித்தார். இடது பக்கம் வீடுகள், மேலே நாட்கள். செய்தி வராத வீடும் கெட்ட செய்தி வந்த வீடும் ஒருநாள்கூடத் தனியாக இருக்காதபடி கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார். கிழக்கார் மேற்கார் வீட்டுக்கு, மேற்கார் கிழக்கார் வீட்டுக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் "உள்ளூர்", "வெளியூர்" என்று குறித்திருந்தது.

"இது ஆட்டத்துக்குப் போடுறதெல்லோ அண்ணை?"

"வேற எப்பிடிப் போடுறதெண்டு எனக்குத் தெரியேல்லைத் தம்பி."

விதிகளும் இருந்தன. சாப்பாடு கொண்டுபோக வேண்டும். "ஏதும் செய்தியோ" என்று கேட்கக் கூடாது. தொலைக்காட்சியை நிற்பாட்டச் சொல்ல வேண்டும். தொண்ணூறு நிமிடம் இருக்க வேண்டும், நடுவில் தேநீருக்குப் பதினைந்து நிமிடம்.

சிவம் வீட்டுக்கு முதல் கட்டத்தில் என் பெயர். நானும் மனைவியும் புட்டும் கறியும் கட்டிக்கொண்டு போனோம். சிவம் கதவைத் திறந்து கதிரையைக் காட்டினார். தேநீர் குடித்தோம். தம்பியின் படத்தைக் காட்டினார், பார்த்தோம். தொண்ணூறு நிமிடம் முடிந்ததும் எழும்பினேன். சிவம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேலதிக நேரம் ஒண்டும் அந்தாள் போடேல்லையோ?"

நான் திரும்பவும் உட்கார்ந்தேன். அவர் தம்பியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். வீட்டுக்குத் திரும்ப வெகுநேரமானது.

இரண்டு வாரம் கழித்துத்தான், அடுத்த சுற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒன்று கண்ணில் பட்டது. அந்தச் சுருளில் எல்லோருடைய வீடும் இருந்தது, அண்ணையின் வீடு இல்லை. சாமான் கடையில் ராணி அக்காவைக் கண்டபோது கேட்டேன். அவர் வெங்காயப் பையைக் கீழே வைத்தார்.

"அவற்ற தங்கச்சியும் பிள்ளையளும் அங்கதான் தம்பி. ரெண்டு மாசமாச் சத்தமில்லை. ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டிட்டார்."

நாளுக்கு எட்டு மணித்தியாலம் எனக்கு எதிரே நின்று வேலை செய்த மனிதர். நான் சிவத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் அவர் ஸ்கீவவிலிருந்து நேரே வந்தார். பிற்பகல் இரண்டு பேரும் போய் மணியை அடித்தோம். கதவைத் திறந்த அண்ணை எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"இண்டைக்கு இஞ்ச ஒண்டும் போடேல்லையே?"

"நீர் போடாட்டி நாங்கள் வரக்கூடாதோ காணும்?" என்றார் சிவம்.

அண்ணை விலகி வழிவிட்டார். கதிரையில் உட்கார்ந்ததும் உடைந்து அழுதார். நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். ராணி அக்கா தேநீர் வைத்தார், ஆறியது, திரும்ப வைத்தார். கொஞ்ச நேரம் போனதும் சிவம் மெதுவாக, "அந்தப் பண்டிப் பண்ணைக்காரன் பேந்து ஏதும் யோசிச்சவனோ?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்த மனிதர் சிரித்துவிட்டார். பிறகு தன் தங்கையின் பெயரை முதல் தடவையாக எங்களுக்குச் சொன்னார்.

இலையுதிர்காலத்தில் அங்கிருந்த ஓர் அகதி முகாமிலிருந்து தகவல் வந்தது. தங்கையும் மூத்த மகளும் உயிரோடு இருந்தார்கள். மற்றவர்களைப் பற்றி இன்றுவரைக்கும் ஒன்றும் இல்லை.

அடுத்த வருடம் பேரவை மறுபடியும் கூடியது. அதே தாள், அதே நிபந்தனை. இந்தத் தடவை நான் எழும்பினேன். அந்தச் சனிக்கிழமையை விட்டுத் தராவிட்டால் கிழக்கு வராது என்றேன். மேற்கின் தலைவனும் எழும்பினான். அவன் அம்மா ஒரு மாதம் முழுக்கக் கிழக்கார் கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டவர்.

"அப்ப பெரிய மைதானத்தில உங்களுக்கு இடமில்லை," என்றார் செயலாளர்.

"பரவாயில்லை," என்றோம். உள்ளுக்குள் கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லக் கூடாது.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை விபோர்க்கில் ஆடினோம். மேற்கு இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. அந்த இரண்டும் என் கால்களுக்கு நடுவால்தான் போயின. செயலாளர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, கார் பக்கத்திலேயே நின்று, தற்செயலாக வந்தவர் போலக் கடைசிவரை பார்த்தார். அதற்கடுத்த வருடத்துப் பேரவை அட்டவணையில் அந்தச் சனிக்கிழமை வெறுமையாக விடப்பட்டிருந்தது. காரணம் எழுதவில்லை.

இப்போது அண்ணையும் ராணி அக்காவும் தங்கள் மகளோடு கோப்பன்ஹேகனில் இருக்கிறார்கள். வேலைத்தலத்தில் எனக்கு எதிரே ஒரு நல்ல டேனிஷ்காரர் நிற்கிறார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சனிக்கிழமை காலைகளில் காரை வெளியே எடுத்துவிட்டு, எந்தப் பக்கம் திருப்புவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்கிறேன்.