ஐந்து வக்துக்கும் மூடிய சேவர்

பல வருடமாக எழுத எடுத்து, எழுதாமல் வைத்துவிட்ட கதை இது. நல்ல மனிசன் ஒருவரை நாலு பேர் சிரிக்க விட்டால் மறுமையில் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம். அண்மையில் அவரே பள்ளி வாசலில் பிடித்து, "எழுதுங்க காக்கா, பேர மட்டும் போட்டிராதீங்க" என்று உத்தரவு தந்துவிட்டார். பேர் போட்டாலும் யாருக்கும் விளங்காது. கல்முனைக்கே அவர் சேவர் காக்கா.

ஐந்து வக்துத் தொழுகை நேரத்துக்கும் கம்ப்யூட்டரையும் ஓய்வெடுக்கச் செய்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. பஸாரில் என் சாரன் கடைக்குப் பக்கத்தில் அவருடைய கொமினிகேஷன், அதாவது டெலிபோன், இன்டர்நெட் கடை. கடைக்குள்ளேயே ஒரு வலைப்பக்கம் செய்து வைத்திருந்தார். அதில் கடிதம் எழுதினால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் போய்ச் சேரும். நான் எட்டாம் வகுப்புக்காரன், அவர் விளங்கப்படுத்திய மாதிரியே சொல்கிறேன்: பக்கத்தைக் காட்டுவது முன்னால் நிற்கும் புரோகிராம், அவர் பேரில் ஒட்டிக்கொண்ட சேவர் (server) அதுதான். கடிதத்தை அனுப்புவது அதன் பின்னால், கண்ணில் படாமல் ஓடும் இன்னொரு புரோகிராம். டெலிபோன் லைன் மலிவாகும் இரவு, இஷா தொழுகைக்குப் பிறகுதான் அது அனுப்பும்.

பள்ளியில் தொழுகைக்கு வாங்கு சொன்னதும் சேவர் காக்கா முன்னால் நிற்பதை நிறுத்திவிடுவார். வந்தவர்கள் பாதிக் கடிதத்தோடு எழும்ப வேண்டும்.

"ஆக்கள் தொழப் போற நேரம் இது மட்டும் என்னத்துக்கு உழைக்கிற?"

அந்த நாட்களில் என் உம்மாவுக்குச் சுகமில்லை. தம்பி ரபீக் கட்டாரில். லீவு முடிந்து அப்போதுதான் போயிருந்தான், மறுபடி வந்தால் வேலை போய்விடும். "வர வேணாமெண்டு எழுது மனே" என்றார் உம்மா. காலையிலேயே போய் எழுதினேன்: 'உம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை. பயப்பட ஒன்றுமில்லை. வர வேண்டாம்.'

அந்த வாரமே ரபீக் பெட்டியோடு வாசலில் நிற்கிறான்.

"அஞ்சு கடிதம் காக்கா! பயப்படாத, பயப்படாத எண்டு அஞ்சு தரம் சொன்னா ஆரு பயப்படாம இரிக்கிற?"

வேலை போய்விட்டது. அன்றிரவு இஷா முடிந்ததும் நான் கொமினிகேஷனுக்குப் பாய்ந்தேன். சேவர் காக்கா திரையைக் குனிந்து பார்த்தார்.

"அல்லாஹ்வே! அனுப்புறவனுகள் அஞ்சு பேர் உள்ளுக்க இரிக்கானுகள்!"

விசயம் இதுதான். முன்னால் நின்றதை நிறுத்தினாரே தவிர, பின்னால் ஓடியது நிற்கவில்லை. தொழுதுவிட்டு வந்து திறக்கும்போதெல்லாம் புதிதாக இன்னொன்று கிளம்பியது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டபோது ஒன்று, லுஹரிலிருந்து இஷா வரை நாலு தொழுகைக்கும் நாலு. எல்லாம் ஆளுக்கொரு தரம் என் கடிதத்தை அனுப்பிவிட்டன.

"முன்னால நிக்கிறவன் போனா பின்னால உள்ளவனும் போவான் எண்டு நினச்சன் காக்கா."

"இமாம் குனிஞ்சா நாம குனியிற மாதிரியாக்கும்?"

"ஓம், அப்பிடித்தான்" என்றார், வெட்கமேயில்லாமல்.

அதற்குப் பிறகு தலைகீழ். பின்னால் ஓடுவதை முதலில் நிறுத்தி, உள்ளே எதுவும் மிச்சமில்லை என்று பார்த்து, கடைசியில்தான் முன்னால் நிற்பதை நிறுத்துவார். திறக்கும்போதும் பழையது இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் புதியதை விடுவார். பள்ளியில் தொழுகை தொடங்க இகாமத் சொல்லிவிடுவார்கள். இவர் இன்னும், "பொறுங்க, ஒருத்தன் போகல்ல!" கம்ப்யூட்டருக்குத் தொழுகை தவறவில்லை, இவருக்குத்தான் முதல் ரக்அத் தவறியது.

அஸர் தொழுதுவிட்டு தினமும் தோடம்பழப் பையோடு உம்மாவிடம் வந்து நிற்பார்.

"உங்கட மகண்ட வேலையத் திண்டுட்டன் உம்மா."

"புள்ள வந்துட்டான்தானே. உடு மனே" என்பார் உம்மா, ரபீக்கின் கையைப் பிடித்தபடி.

அடுத்த வெள்ளிக்கிழமை உம்மா மவுத்தானார். உம்மாவைச் சுமந்த சந்தூக்கின் முன்பக்கம் ரபீக்கின் தோளில் இருந்தது. கூட்டத்தின் கடைசியில் எங்களைவிடச் சத்தமாக அழுதது சேவர் காக்கா. ரபீக்கைத் தன் கடையிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். முதல் வேலை, வாங்குக்கு முன் பின்னால் ஓடுவதை நிறுத்துவது.

'வர வேண்டாம்' என்று நான் ஒரு தரம்தான் எழுதினேன். அது ஒரு தரம் மட்டும் போயிருந்தால் அவன் வந்திருக்க மாட்டான்.

வாசித்தவர்கள் இதைக் கூட்டாமல் குறைக்காமல் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். ஐந்து தரம் சொன்னாலும் நான் கோபிக்கமாட்டேன்.