ஒரு சாண் உயரத்தில் வைத்தியம்

நரம்பு ஐயா உடம்பைத் தொடமாட்டார். அதுதான் அவருடைய கைவைத்தியத்தின் சிறப்பு. நோயாளியைத் தலை முதல் கால் வரை வெள்ளைப் போர்வையால் மூடிவிட வேண்டும். ஐயா கண்களை மூடிக்கொண்டு ஒரு சாண் உயரத்தில் கையை ஓட்டுவார். நரம்பில் முடிச்சு விழுந்த இடம் வந்ததும் விரலைச் சொடுக்குவார். முடிச்சு அவிழ்ந்துவிடும். நோயாளி வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் முடிச்சு திரும்ப விழும். கட்டணம் கிடையாது, அன்பளிப்புதான். அது குறைந்தாலும் முடிச்சு திரும்ப விழும் என்பதால் யாரும் குறைப்பதில்லை.

ஐயா வைத்தியம் பார்க்கும் மண்டபத்தின் வாசலில் விடியும்போதே கூட்டம் நெரியும். "எனக்குப் பதினோரு முடிச்சாம்" என்று ஒருவர் பெருமையோடு சொல்வார். நான்கு முடிச்சுக்காரர் கூசிப்போய் நகர்ந்து நிற்பார்.

தையல்காரருக்கு ஒன்பது. இடுப்பில் பிடித்து இடது குதிகால் வரை சுண்டி இழுக்கும் வலி. அவருடைய மச்சினி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்ப்பவள். அவள் இடுப்பையும் காலையும் கையால் அழுத்தி, நீட்டி, பயிற்சி சொல்லிக்கொடுத்ததில் வலி பாதியாகக் குறைந்திருந்தது. பாதி போதுமா? முழுதும் போக்குகிறேன் என்ற ஐயாவிடம் போனார். "வேற கை பட்டா முடிச்சு இறுகிடும்" என்றார் ஐயா. மச்சினியின் வைத்தியம் அன்றோடு நின்றது.

இப்போது பாதம் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் வெறுங்காலோடு கடைக்கு வந்து சேர்ந்தார். "நல்ல அறிகுறி, வலி வெளியேறுது" என்றார் ஐயா.

மச்சினி கடைக்கே வந்துவிட்டாள்.

"மாமா, வெளியேறுறது வலி இல்ல, உங்க நரம்போட உயிரு. இப்படியே விட்டா மெஷினை மிதிக்க முடியாது."

"ஐயா கைக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகுது?"

"அந்தக் கைக்கு எல்லாம் தெரியுமில்ல? அப்ப உங்களுக்குப் பதிலா இதைப் படுக்கவைப்போம்" என்று, சட்டை மாட்டி வாசலில் நிறுத்தியிருந்த பொம்மையைக் காட்டினாள்.

தையல்காரருக்குச் சிரிப்பு வந்தது. "கிட்ட வரும்போதே கண்டுபிடிச்சு உன்னை வெளிய தள்ளிடுவாரு."

"தள்ளினா நான் இனிமே வாயே திறக்கல. தள்ளலைன்னா நீங்க என்கிட்ட வரணும்."

நம்பிக்கை பலமாக இருந்ததால் ஒப்புக்கொண்டார். கொஞ்சம் சந்தேகம் இருந்திருந்தால் மறுத்திருப்பார்.

நடக்க முடியாதவர்களைப் போர்த்தியே தூக்கி வரலாம் என்பது மண்டபத்து வழக்கம். பொம்மையைப் போர்த்தித் தலைப்பக்கம் தையல்காரரும் கால்பக்கம் மச்சினியும் பிடித்துக்கொண்டு போனார்கள். கூட்டம் பக்தியோடு வழிவிட்டது. "பாவம், எப்படி இளைச்சுப்போயிட்டாரு" என்று ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஐயா வந்தார். கண்களை மூடினார். கை போர்வைக்கு மேலே மெல்ல ஊர்ந்தது. இடுப்பருகே வந்ததும் அவர் முகம் வேதனையில் சுருங்கியது.

"ஏழு முடிச்சு. ரொம்ப அழுத்தமானது. வீட்டுல கவலை ஜாஸ்தி."

சொடுக்கினார். ஒன்று விடாமல் ஏழையும் அவிழ்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் பாருங்க, இப்படித்தான் அசையாம கிடக்கணும்" என்று கூட்டத்துக்குப் புத்தி சொன்னார்.

தையல்காரருக்கு அவமானமும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. மச்சினி கை நீட்டுவதற்குள் அவரே போர்வையை உருவினார்.

மண்டபமே பொம்மையை எட்டிப் பார்த்தது. ஐயா மட்டும் அசரவில்லை. "எனக்கு அப்பவே தெரியும். பொம்மைக்கும் முடிச்சு உண்டு" என்றார். முன்வரிசையில் இரண்டு பேர் தலையாட்டவும் செய்தார்கள்.

"அப்ப எனக்குச் சொன்ன ஒன்பது?" என்று தையல்காரர் கேட்டார்.

பதினோரு முடிச்சுக்காரர் எழுந்து தன் போர்வையை மடிக்கத் தொடங்கினார். சற்று நேரத்தில் மண்டபத்தில் மிஞ்சியது ஐயாவும் பொம்மையும்தான்.

அன்று சாயங்காலமே மச்சினியின் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தையல்காரர் குப்புறப் படுத்திருந்தார். அவள் தொடையின் பின்பக்கத்தை அழுத்தினாள்.

"வலிக்குதும்மா."

"சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். மொத்தமா போயிடும்னு வாக்குக் குடுக்க மாட்டேன் மாமா. குறைக்கலாம். மெஷின் மிதிக்க வைக்கப் பார்க்கலாம்."

கேள்வி கேட்காமல், வாயைத் திறக்காமல், போர்த்திய போர்வைக்குள் அசையாமல் கிடப்பது பொம்மைக்குக் கைவந்த கலை. மனிதர்களும் ஏன் அதோடு போட்டிக்குப் போகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை.