பாதிப் படிப்பு எனக்கு, பாதி உங்கள் அக்காவுக்கு

அன்பு மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. நான் நலம். உங்கள் அக்கா என்னைவிட நலம். மருத்துவமனை இயக்குநரான உங்களை ஊரே மெச்சுவதாகக் கேள்வி. நானும் மெச்சிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மருத்துவர்களுக்கு ஆராய்ந்து சிந்திக்கக் கற்றுத் தருகிறேன் என்று ஒரு படிப்பைக் கொண்டுவந்தீர்களே, பாதியை வீட்டில் வீடியோவாகப் பார்க்க வேண்டும், மீதியை வகுப்பில் உட்கார்ந்து விவாதிக்க வேண்டும், தேறாதவர் பிரிவுத் தலைவர் நாற்காலியை விட்டு இறங்க வேண்டும் என்று, வயிற்றுப் பிரிவு நாற்காலியில் இருப்பது நான்தான் என்று உங்களுக்குத் தெரியாதா? நோயாளி கதவைத் திறக்கும்போதே நோயைச் சொல்லிவிடுகிறவன் நான், எனக்குச் சிந்திக்க ஏது நேரம்? அதனால் வீட்டுப் பாதியை உங்கள் அக்காவிடம் தள்ளிவிட்டேன். அவள் காய்கறி நறுக்கிக்கொண்டே வீடியோ பார்த்து, அதில் வரும் கேள்விகளுக்கு என் பெயரில் பதில் எழுதினாள். வகுப்புப் பாதிக்கு நான் போய்த் தலையாட்டினேன். என் மதிப்பெண்ணைப் பார்த்து ஆசிரியர் அசந்துபோனார். வகுப்பில் என் பேச்சைக் கேட்டு அதைவிட அசந்துபோனார்.

வினை வீட்டில் ஆரம்பித்தது. கார் சாவியை மகன்தான் தொலைத்தான் என்று நான் தீர்ப்புச் சொன்னால், "எதை வச்சு சொல்றீங்க? வேற என்னவா இருக்கலாம்?" என்று வீடியோவில் படித்ததை என்னிடமே திருப்புகிறாள். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. மனிதனால் சொந்த வீட்டில் நிம்மதியாக ஒரு தப்புக்கூடச் செய்ய முடியவில்லை.

இன்று காலை எனக்கு நெஞ்செரிச்சல், தாடையிலும் கொஞ்சம் வலி. வாயு என்று ஒரே வார்த்தையில் முடித்தேன். அவள் விடவில்லை.

"வயித்து டாக்டர் நீயா, நானா?"

"நீங்கதான். அதனாலதான் எல்லாமே வயிறாத் தெரியுது. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் காரை உறுமவிட்டுக்கொண்டிருக்கிறாள். வியர்வை சொட்டி எழுத்தெல்லாம் கலைகிறது. ஆகவே, குடும்பங்கள் பிழைக்க வேண்டுமானால் இந்தப் படிப்பை உடனே இழுத்து மூடுங்கள்.

உங்கள் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
சிந்திக்காமலே இதுவரை நன்றாக இருந்த உங்கள் அத்தான்

பின்குறிப்பு: இதயப் பிரிவுக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். அடைப்பை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் நான் போயிருப்பேனாம். பயந்துவிட்டேன், மைத்துனரே. படிப்பை மூட வேண்டாம். நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டுப் பாதியை நானே முதலிலிருந்து பார்க்கிறேன். உங்கள் அக்காவிடம், "எப்படிடீ கண்டுபிடிச்சே?" என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நானும் முதல்ல வாயுன்னுதாங்க நினைச்சேன்."